கண்ணாடிக்குள் கடலைத் தெளியவைத்தவர்

கரிசல் சீமையில் மழை பெய்தால் கண்மாய்க்கு வருவதில் பாதி தண்ணீர், பாதி மண். தூத்துக்குடியிலிருந்து ஒட்டப்பிடாரம் போகும் வழியில் இருக்கும் புதியம்புத்தூரைச் சுற்றிய கிராமங்களில், ஊருணியையும் கண்மாயையும் நம்பிப் பெண்கள் குடம் எடுத்த காலம் ஒன்று உண்டு. அந்தக் கலங்கல் நீர் இரண்டு நாள் ஆனாலும் தானாகத் தெளியாது. கரிசல் மண்ணின் துகள் அத்தனை நுண்மையானது. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை நாலு சுற்று உரைத்துவிட்டு நீரை ஊற்றி வைப்பார்கள். கொட்டையின் பசை மண் துகள்களைத் திரட்டி அடியில் உட்கார வைத்துவிடும். விடிந்ததும் பார்த்தால் மேலே நீர் தெளிந்து நிற்கும்.

அந்த ஊரிலிருந்து கிழக்கே போனால் உப்பளம், அதற்கப்பால் கடல். கடல்நீரில் இந்த மண்ணைக் கரைத்தால் தேற்றாங்கொட்டையே வேண்டாம். உப்பின் குணத்தால் மண் தானே திரண்டு படிந்துவிடும். ஆனால் அதே கடல்நீரை ஒரு கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, நாலு மீனையும் இரண்டு சங்கையும் அதில் விட்டுப் பாருங்கள். சில நாட்களில் நீர் பால்போல் வெளுத்துக் கலங்கும். பிறகு நாற்றம் எடுக்கும். உயிர்கள் ஒவ்வொன்றாகச் சாகும். இந்தக் கலங்கலுக்குக் கொட்டையும் உதவாது, வடிகட்டும் துணியும் உதவாது. இது மண்ணால் வந்த கலங்கல் அன்று. உயிரால் வந்த கலங்கல்.

இதற்கு வழி கண்டு, கடலின் ஒரு துண்டை வீட்டுக் கூடத்தில் மாதக்கணக்கில் தெளிவாக வைத்திருக்கலாம் என்று உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் தலையாயவர் பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கிலேயர். இன்று எல்லோரும் சொல்லும் அக்வேரியம் என்ற பெயரை நிலைநிறுத்தியவரும் அவரே.

ஓவியர் மகன்

காஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி இங்கிலாந்தில் ஊஸ்டர் நகரில் பிறந்தார். தகப்பனார் ஊர் ஊராகச் சென்று சிறு உருவப்படங்கள் தீட்டிப் பிழைத்தவர். குடும்பத்தில் வறுமை நீங்கியதே இல்லை. ஆனால் தந்தையின் தூரிகை மகனுக்கும் கை வந்தது. பிற்காலத்தில் தம் நூல்களுக்கு வேண்டிய படங்களைத் தாமே வரைந்துகொள்ள அது உதவிற்று.

குடும்பம் பூல் என்ற துறைமுகப் பட்டினத்தில் குடியேறியது. அங்கே அவருடைய அத்தை ஒருத்தி, பாறை இடுக்கில் பூப்போல் விரியும் கடற்சாமந்தி என்ற பிராணியை அவருக்குக் காட்டினார். அதைக் கடல்நீர் உள்ள பாத்திரத்தில் இட்டு வளர்த்துப் பார் என்று யோசனை சொன்னவரும் அந்த அத்தையே. பின்னாளில் பெரு மரமாய் வளர்ந்த ஒரு கலைக்கு அதுவே விதை.

பதினேழாம் வயதில் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறினார். நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. எட்டு வருஷம் கணக்கு எழுதினார். ஓய்வு நேரமெல்லாம் பூச்சிகளை ஆராய்ந்தார். 1835-இல் கனடாவில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார், கையைச் சுட்டுக்கொண்டார். 1838-இல் அமெரிக்காவின் அலபாமாவில் வாத்தியார் ஆனார். அங்கே அடிமைகள் படும் பாட்டைக் கண்டு மனம் கசந்தார். 1839-இல் அநேகமாக வெறுங்கையுடன் தாய்நாடு திரும்பினார். கையில் இருந்தது ஒரு கையெழுத்துப் பிரதி. அது மறு வருஷம் அச்சேறி அவரை எழுத்தாளர் ஆக்கியது.

1844-இல் ஜமைக்காத் தீவுக்குச் சென்று பதினெட்டு மாதம் பறவைகளை ஆராய்ந்தார். அங்கே அவருக்குத் துணை நின்றவர்கள் இருவர்: கலப்பு இனத்தில் பிறந்த அறிஞர் ரிச்சர்ட் ஹில், சாமுவேல் காம்பெல் என்ற நீக்ரோ இளைஞர். 1847-இல் வெளிவந்த ஜமைக்காப் பறவைகள் நூலின் முகப்பிலேயே ஹில்லின் உதவியைக் குறிப்பிட்டார் காஸ். வெள்ளையர் ஆண்ட தீவில் அது சாதாரண காரியம் அல்ல.

கலங்கலின் காரணம்

1848-இல் எமிலி போஸ் என்ற எழுத்தாளரை மணந்தார். மறு வருஷம் எட்மண்ட் என்ற ஆண் குழந்தை பிறந்தது. ஓயாத உழைப்பால் 1852-இல் காஸின் உடல்நலம் கெட்டது. கடற்காற்றை நாடி டெவன் கடற்கரைக்குக் குடும்பத்துடன் சென்றார். அலை வாங்கியபின் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் அவர் கண்ட உயிர்கள் கணக்கில் அடங்காதவை. அவற்றை உயிரோடு வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி? நீர் கலங்கிவிடுகிறதே!

இந்தக் கேள்வியோடு அவருக்கு முன்பே இருவர் போராடியிருந்தார்கள். ஒருவர் ஆனா தின் என்ற பெண்மணி. 1846-இல் கடற்கரையிலிருந்து சில பவளப் பூச்சிகளை லண்டனுக்குக் கொண்டுவந்தார். புதுக் கடல்நீர் அடிக்கடி கிடைக்கவில்லை. எனவே வேலைக்காரியைக் கொண்டு, இருந்த நீரையே நாள்தோறும் அரை மணிக்கு மேல், திறந்த ஜன்னலருகே, டீயை ஆற்றுவதுபோல மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். காற்றிலுள்ள பிராணவாயு நீரில் கலந்தது, பவளங்கள் பிழைத்தன. பிறகு கடற்பாசியையும் அதில் சேர்த்தார்.

மற்றவர் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர். நன்னீர்த் தொட்டி ஒன்றில் இரண்டு தங்கமீனையும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி பிராணவாயு தந்தது. ஆனால் அதன் இலைகள் அழுகி நீரைக் கலக்கின. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது. நத்தையின் முட்டை மீனுக்கு இரையாயிற்று. 1850-இல் இந்த முடிவை வெளியிட்ட வாரிங்டன், பின்னர் கடல்நீரிலும் சோதனை நடத்தினார்.

அதே சமயத்தில் டெவனில் காஸ் தாமாகவே இந்த வழியில் முன்னேறிக்கொண்டிருந்தார். எந்தப் பாசி நீரைக் காக்கும், எது அழுகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். இலைபோல் விரியும் பச்சைப் பாசி சிறந்தது என்று கண்டார். கண்ணாடியில் படியும் பாசியைக் கடல் நத்தை எப்படி மேய்கிறது என்பதை அதன் நாக்கைப் பூதக்கண்ணாடியில் வைத்து ஆராய்ந்தார். செடி, அதை உண்ணும் ஜந்து, அழுகலைத் துப்புரவு செய்யும் ஜந்து - மூன்றும் அளவோடு சேர்ந்தால்தான் நீர் தெளிவாக நிற்கும் என்பதே அவர் கண்ட உண்மை.

1853-ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் மிருகக்காட்சிசாலையில் கண்ணாடித் தொட்டிகள் கொண்ட மீன் மண்டபம் திறக்கப்பட்டது. அதற்கு வேண்டிய கடல் உயிர்களைச் சேகரித்து அனுப்பியவர்களில் காஸ் முக்கியமானவர். மக்கள் திரண்டு வந்தனர். மறு வருஷம் அவர் எழுதிய அக்வேரியம் என்ற நூல் வெளிவந்தது. நாடெங்கும் வீட்டுக்கு வீடு கண்ணாடித் தொட்டி முளைத்தது.

உப்பில் பிறந்த கடல்

உள்நாட்டில் வசிப்போருக்குக் கடல்நீர் எங்கிருந்து கிடைக்கும்? இதற்கும் காஸ் வழி சொன்னார். 1854-இல் செயற்கைக் கடல்நீரைத் தயாரித்தார். நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த நன்னீரில் சாதாரண உப்பு சுமார் 100 கிராம், பேதி உப்பு 7 கிராம், மெக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம். இதுவே அவர் கணக்கு. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பவையும் இந்த மெக்னீசிய, பொட்டாசிய உப்புகளே.

இதில் அவர் காட்டிய பொறுமைதான் பெரிய பாடம். நீரை வடிகட்டி ஊற்றியதும் பிராணிகளை விட்டுவிடவில்லை. முதலில் பச்சைப் பாசி படர்ந்த கல்லை மட்டும் வைத்தார். சில நாள் காத்திருந்தார். கல்லிலும் கண்ணாடியிலும் பசுமை படர்ந்த பிறகே உயிர்களை விட்டார்.

அந்தக் காத்திருப்பின் முழுக் காரணம் அவருக்கே தெரியாது. 1890-ஐ ஒட்டி ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அதை விளக்கினார். மீனின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. மண்ணிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதைப் படிப்படியாகத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் நிறைய மீனை விட்டு, நிறைய இரையைப் போட்டால், வேறு நுண்ணுயிர்கள் பெருகி நீரைப் பாலாக்கும். இரையைக் குறைப்பதும், இறந்ததை உடனே எடுப்பதும், காற்றோட்டம் தருவதும், நீரில் ஒரு பங்கை மட்டும் மாற்றுவதுமே பரிகாரம். பதறிப் போய் மணலையும் கல்லையும் கழுவி, நீர் முழுவதையும் கொட்டினால் நல்ல நுண்ணுயிரும் போய்விடும். கலங்கல் மீண்டும் வரும். நீர் பச்சையாகக் கலங்கினால் அது வெளிச்சம் மிகுந்ததன் விளைவு. காஸின் காலத்திலேயே வில்லியம் லாயிட் என்பவர் அடித்தளத்தில் இருட்டுத் தொட்டி கட்டி, நீரை அங்கே சுழலவிட்டு அந்தப் பசுமையைப் போக்கினார்.

துயரமும் தோல்வியும்

புகழின் உச்சியில் இடி விழுந்தது. 1857 பிப்ரவரியில் மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். ஏழு வயது மகனுடன் காஸ் தனியரானார். அதே வருஷம் ஆம்பலாஸ் என்ற நூலை வெளியிட்டார். பூமியின் பாறைகள் கோடிக்கணக்கான வருஷத்து வரலாற்றைக் காட்டுகின்றன. வேதமோ ஆறு நாளில் படைப்பு என்கிறது. ஆதாம் கொப்பூழுடன் படைக்கப்பட்டதுபோல, பூமியும் பழமையின் அடையாளங்களுடனேயே படைக்கப்பட்டது என்று இரண்டையும் இணைக்கப் பார்த்தார். விஞ்ஞானிகளும் ஏற்கவில்லை, சமயவாதிகளும் ஏற்கவில்லை. நூல் விலைபோகவில்லை. இரண்டு வருஷத்தில் டார்வினின் நூல் வெளிவந்து உலகை வேறு திசையில் திருப்பிவிட்டது. கண்ணாடித் தொட்டிக்குள் எதிரெதிர் உயிர்களைச் சமன்செய்து நீரைத் தெளியவைத்தவரால் தம் நெஞ்சின் கலங்கலை அவ்வளவு எளிதில் தெளியவைக்க முடியவில்லை.

ஆனாலும் ஓய்ந்துவிடவில்லை. கடற்சாமந்திகளைப் பற்றி 1858 முதல் 1860 வரை எழுதிய பெருநூல் இன்றும் போற்றப்படுகிறது. 1860-இல் மறுமணம் செய்துகொண்டார். 1888 ஆகஸ்ட் 23-ஆம் தேதி டெவனிலேயே காலமானார். மகன் எட்மண்ட் இலக்கிய விமரிசகராகப் புகழ் பெற்றார். இந்திய மண்ணைப் பாடு என்று இளம் சரோஜினி தேவிக்கு வழி காட்டிய எட்மண்ட் காஸ் இவரே.

அவர் கண்ட பெருங்கேடு

காஸை வாட்டிய இன்னொரு துயரமும் உண்டு. அவர் நூலைப் படித்தவர்கள் கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். வியாபாரிகளும் சேர்ந்தார்கள். பாறைக் குழிகள் சில வருஷங்களில் வெறுமையாயின. எந்த அழகை எல்லோரும் காண வேண்டும் என்று ஆசைப்பட்டாரோ, அந்த அழகே அவர் கண்முன் அழிந்தது. இந்த வேதனையை எட்மண்ட் 1907-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

காஸ் தொடங்கி வைத்த கலை சென்னைக்கும் வந்தது. 1909-இல் மெரினா கடற்கரையில் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சிசாலை இரண்டாம் உலகப் போர்க்காலம் வரை மக்களைக் கவர்ந்தது. அவர் கண்ட கேடும் மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள தீவுகளைச் சுற்றிய பவளப் பாறைகள் சுண்ணாம்புக்காகப் பல காலம் வெட்டி எடுக்கப்பட்டன. 1986-இல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. 2001-இல் பவளங்கள் சட்டப் பாதுகாப்பும் பெற்றன.

தொட்டி நீர் கலங்கினால் மாற்றி ஊற்றலாம். கரிசல் கண்மாய் கலங்கினால் தேற்றாங்கொட்டை இருக்கிறது. கடலே கலங்கினால் மாற்றி ஊற்ற வேறு கடல் இல்லை. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் உயிர்களே நீரைத் தெளியவைக்கின்றன என்று ஒரு கண்ணாடிச் சாடியில் காட்டியவர் காஸ். அந்தப் பாடம் சாடிக்கு மட்டும் உரியது அல்ல.