யார் இந்த ஜானகி அம்மாள்? கோவை கரும்பு ஆய்வு முதல் சைலன்ட் வேலி வரை!

கோவை கரும்பு என்றதும் பலரும் சொல்லும் பெயர் ஜானகி அம்மாள். நம்ம ஊர் கரும்புக்கு இனிப்பைக் கொடுத்ததே அவர்தான் என்று சோஷியல் மீடியாவில் அடிக்கடி பதிவுகள் வரும். உண்மையில் அவர் செய்தது என்ன?

படிப்பு

1897-ல் கேரளத்தின் தலச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றவர், 1931-ல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது.

கரும்பு: எது உண்மை?

1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். ஆனா, புகழ்பெற்ற கோ 205 ரகம் 1918-லேயே வந்துவிட்டது. அதை உருவாக்கியவர்கள் பார்பரும் வெங்கட்ராமனும். ஜானகி அம்மாளின் பங்கு வேறு. கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளம், மூங்கில் போன்ற புல் இனங்களோடு கலந்து பார்த்தார். ஆற்றோரம் சும்மா வளர்ந்து கிடக்கும் நாணலும் கரும்புக்குச் சொந்தம்தான் என்பதால், அதையும் விடாமல் ஆராய்ந்தார்.

லண்டனில் போர்க்காலம்

1939-ல் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனவர், உலகப் போர் வெடித்ததால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டுவீச்சுக்கு நடுவிலும் ஆய்வு நிற்கவில்லை. டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் வெளியிட்டார். பிறகு விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா செடிகளை ஆராய்ந்தார். அங்கே உருவான ஒரு மக்னோலியா ரகத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

எரிந்துபோன மரம்

பிரதமர் நேரு அழைத்ததால் நாடு திரும்பினார். இந்திய தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைப்பது அவர் வேலை. ஒருமுறை அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடி ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். போய்ப் பார்த்தால், அந்த வட்டாரத்தில் இருந்த அந்த ஒரே மரமும் எரிக்கப்பட்டிருந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்கும் வேகத்தில் காடுகள் அழிவதை நேரில் கண்டவர் அவர். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியை மாற்றும் விதம் பற்றி நடந்த மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்ணும் அவர்தான்.

கடைசிப் போராட்டம்

பாலக்காடு சைலன்ட் வேலியில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டார்கள். கட்டினால் மழைக்காடு மூழ்கும். 80 வயதைத் தாண்டியும் ஜானகி அம்மாள் எதிர்ப்பில் இணைந்தார். வெறும் குரல் மட்டும் இல்லை. அந்தக் காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியையும் கையில் எடுத்தார்.

1977-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர், சென்னை மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் கடைசிவரை வேலை செய்தார். 1984 பிப்ரவரி 7-ல் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை. காடு இன்றும் இருக்கிறது.