நடிகர் கையில் ஒயரில்லாமல் எரியும் லாந்தர்: தொடங்கி வைத்த ஜோசப் ஸ்வான்

நாடகத்தில் ஒரு நடிகர் லாந்தரோடு இருட்டில் நடந்து வருகிறார். ஒயர் இல்லை, தீயும் இல்லை. உள்ளே சின்ன பேட்டரி, எல்இடி, ஒரு ஸ்விட்ச். அவ்வளவுதான். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த வித்தைக்கு வழி போட்டவர்களில் ஒருவர், மருந்துக்கடையில் வேலை கற்ற ஒரு பையன்!

யார் அவர்?

ஜோசப் ஸ்வான். 1828-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே படிப்பை விட்டு மருந்துக்கடைக்குப் போனார். கரியாக்கிய காகித இழையைக் கண்ணாடிக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். எரிந்தது, ஆனால் நீடிக்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த காற்று இழையைத் தின்றுவிட்டது. நல்ல வெற்றிட பம்ப் வந்த பிறகுதான் பல்பு உருப்பட்டது. 1879-ல் நியூகாசிலில் அதை எரியவிட்டுக் காட்டினார்.

மேடைக்கு ஏன் தேவைப்பட்டது?

அப்போது மேடையில் கேஸ் விளக்குகள்தான். 1862-ல் பாரிஸில் ஒத்திகையின்போது எம்மா லிவ்ரி என்ற இளம் பாலே கலைஞரின் பாவாடையில் கேஸ் தீ பற்றியது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். 1881 டிசம்பர் 8-ல் வியன்னாவின் ரிங் தியேட்டர் எரிந்து நூற்றுக்கணக்கானோர் பலியானார்கள்.

சரியாக 20 நாள் கழித்து, லண்டன் சவாய் தியேட்டரின் மேடை ஸ்வானின் பல்புகளுக்கு மாறியது. பார்வையாளர் பகுதிக்கு அக்டோபரிலேயே வந்துவிட்டது. மொத்தம் சுமார் 1,200 பல்புகள். தியேட்டருக்கு வெளியே நீராவி இன்ஜினால் ஓடும் ஜெனரேட்டர். மின்தடைகளை வைத்து மேடை வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் கூட்டவும் முடிந்தது. தியேட்டர் முதலாளி ரிச்சர்ட் டாய்லி கார்ட், எரியும் பல்பை மஸ்லின் துணியில் சுற்றி மேடையிலேயே உடைத்துக் காட்டினார். துணி கருகவே இல்லை!

விளக்கை உடுத்திய தேவதைகள்

1882 நவம்பரில் அங்கே ‘அயோலாந்தே’ அரங்கேறியது. அதில் முக்கிய தேவதைகளின் தலையில் குட்டி பல்புகள் மின்னின. மின்சாரம் எங்கிருந்து? உடைக்குள் மறைத்த பேட்டரியிலிருந்து! எந்த மெல்லிய துணி எம்மாவின் உயிருக்கு எமனானதோ, அதே மாதிரி உடையோடு விளக்கையும் சுமந்து நடிக்க முடிந்தது.

எடிசனும் இதே காலத்தில் பல்பு செய்தவர்தான். 1883-ல் இருவரின் பிரிட்டன் நிறுவனங்களும் ஒன்றாகின. 1904-ல் ஸ்வானுக்கு ‘சர்’ பட்டம். 1914-ல் காலமானார்.

இன்று மேடை லாந்தரை ஓரத்தில் இருப்பவர் ரிமோட்டிலேயே மங்க வைக்கலாம், தீச்சுடர் போல் நடுங்கவும் வைக்கலாம். ஆனால் அடிப்படை மாறவில்லை: மின்சாரம் நடிகரோடவே நடக்கணும், தீ மட்டும் மேடை ஏறக்கூடாது.