இரண்டு நாட்டுப் பாராளுமன்றத்தில் இருந்தவர்



நம்ம கோபாலபுரத்துக்காரங்களுக்கு அரசியல் புதுசு இல்லை. நாலாவது தெருவில் கலைஞர் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1957 முதல் 2016 வரை அவர் நின்ற எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் தோற்றதே கிடையாது. நான் எழுதப்போவது முதல் தேர்தலிலேயே தோற்றுப்போன ஒருவரைப் பற்றி. அவர் பெயர் சி. வி. தேவன் நாயர்.

1923 ஆகஸ்ட் 5-ல் மலாக்காவில் பிறந்தார். அப்பா ரப்பர் தோட்டத்தில் குமாஸ்தா, சொந்த ஊர் கேரளத்துத் தலைச்சேரி. பத்து வயதில் குடும்பம் சிங்கப்பூருக்கு வந்தது. படித்து முடித்து ஆசிரியர் ஆனார் (நம்ம சார், டீச்சர் எல்லாரும் கவனிக்கவும்!). ஆசிரியர் சங்கத்தில் சேர்ந்து வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்தார். விசாரணையே இல்லாமல் இரண்டு தடவை உள்ளே வைத்தார்கள். 1951-லிருந்து 1953 வரை ஒரு முறை, 1956-லிருந்து 1959 வரை இன்னொரு முறை.

நடுவில் 1954-ல் லீ குவான் யூவோடு சேர்ந்து மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1955 தேர்தலில் அந்தக் கட்சி நிறுத்தியது நாலே பேர். மூணு பேர் ஜெயித்தார்கள், இவர் மட்டும் தோற்றார். ஆனால் 1959-ல் கட்சி பெரிய வெற்றி பெற்றபோது, இவரையும் மற்ற தோழர்களையும் விடுதலை செய்தால்தான் பதவியேற்போம் என்று பிடிவாதம் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். 1963-ல் சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் நடந்த மலேசியப் பொதுத்தேர்தலில் மக்கள் செயல் கட்சியும் சில தொகுதிகளில் நின்றது. எல்லா இடத்திலும் தோல்வி. கோலாலம்பூர் பக்கம் பங்சார் தொகுதியில் தேவன் நாயர் மட்டும் 808 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்போது மூணு பேர் ஜெயிக்க இவர் தோற்றார், இப்போது எல்லாரும் தோற்க இவர் ஜெயித்தார். விதி விளையாட்டைப் பாருங்கள்!

1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் தனி நாடாகப் பிரிந்துவிட்டது. நண்பர்கள், கட்சி எல்லாம் அந்தப் பக்கம். இவர் ஜெயித்த தொகுதி இந்தப் பக்கம். ஒரே நாளில் நடுவில் எல்லைக்கோடு! நான் என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருப்பேன். அவர் போகவில்லை. ஓட்டுப்போட்ட பங்சார் மக்களுக்காக 1969 வரை மலேசியப் பாராளுமன்றத்திலேயே இருந்தார். சிங்கப்பூர்க் கட்சி இனி அங்கே செல்லாது என்பதால் ஜனநாயக செயல் கட்சி என்று புதுசாகத் தொடங்கினார்கள். இப்போது மலேசிய ஆட்சிக் கூட்டணியில் இருப்பது அதே கட்சிதான். கட்சி மாறுகிறவர்களைப் பற்றித் தினமும் பேப்பரில் படிக்கிற நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அப்புறம்தான் சிங்கப்பூர் திரும்பினார். தொழிற்சங்கக் காங்கிரஸை நடத்தினார். அது தொழிலாளிகளுக்காகக் காப்பீடு, டாக்சி, மளிகைக்கடை என்று கூட்டுறவுச் சங்கங்களை ஆரம்பித்தது. சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருக்கிறவர்களுக்கு ஃபேர்பிரைஸ் கடை தெரிந்திருக்கும். அதன் வேர் இங்கேதான்.

1979-ல் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்தார். அது இரண்டாவது நாட்டுப் பாராளுமன்றம். 1981 அக்டோபரில் சிங்கப்பூரின் மூன்றாவது ஜனாதிபதி ஆனார். அவர் விட்ட ஆன்சனில் நடந்த இடைத்தேர்தலில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே. பி. ஜெயரத்தினம் எதிர்க்கட்சி சார்பில் வென்றார். சுதந்திரத்துக்குப் பிறகு இடைத்தேர்தலிலோ பொதுத்தேர்தலிலோ ஆளுங்கட்சி தோற்றது அதுதான் முதல் தடவை.

1985 மார்ச்சில் தேவன் நாயர் பதவி விலகினார். குடிப்பழக்கம்தான் காரணம் என்று பிரதமர் லீ குவான் யூ பாராளுமன்றத்தில் அறிவித்தார். தேவன் நாயர் பின்னாளில் அதை மறுத்தார். முப்பது வருஷ நட்பு அதோடு முறிந்தது. இந்தப் பகுதியைப் படிக்கும்போது கஷ்டமாக இருந்தது. அமெரிக்கா போனார், அங்கிருந்து கனடா போனார்.

2005 டிசம்பர் 6-ல், பிறந்த மலாக்காவுக்கும் ஆண்ட சிங்கப்பூருக்கும் வெகுதூரத்தில், கனடாவின் ஹாமில்டன் நகரத்தில் இறந்தார். வயது 82.

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்