மந்தம் என்று ஒதுக்கப்பட்ட மதனப்பள்ளிப் பையன்

தேவகிக்கு எட்டாவது குழந்தையாக அவதரித்தவர் கண்ணபிரான். அதனால் எட்டாவதாக ஆண் குழந்தை பிறந்தால் கிருஷ்ணன் பெயரைச் சூட்டுவது பல குடும்பங்களில் வழக்கம். 1895-ஆம் வருடம் மே மாதம், மதனப்பள்ளியில், ஜித்து நாராயணய்யா – சஞ்சீவம்மா தம்பதிக்குப் பிறந்த எட்டாவது குழந்தைக்கும் அவ்விதமே பெயர் வைத்தார்கள். அக்குழந்தைதான் பின்னாளில் உலகமெங்கும் அறியப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி.

மதனப்பள்ளி அப்போது கடப்பை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா உருவானபோது அதில் சேர்க்கப்பட்டது. திருமலை யாத்திரை சென்று வரும் நம் அங்கத்தினர்களுக்கு ஓரளவு பழக்கமான பிரதேசம்தான். திருப்பதியிலிருந்து மேற்கே சுமார் மூன்று மணி நேரப் பயணம்.

தெலுங்கு பேசும், ஆசாரம் மிகுந்த பிராம்மணக் குடும்பம். தகப்பனாருக்கு ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம். அவர் பிரம்மஞான சபையிலும் அங்கத்தினர். கிருஷ்ணனுக்குச் சிறு வயதிலேயே மலேரியா பீடித்து, வருஷக்கணக்கில் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. படிப்பில் மனம் செல்லவில்லை. மேகத்தையும், எறும்பையும், மரத்தையும் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவான். பள்ளிக்குக் கொண்டுபோன பென்சிலையும் சிலேட்டையும் இல்லாத பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவான். ஆனால், ஒரு நாள் வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டவன், அதைத் திரும்பப் பூட்டி ஓட வைக்கும்வரை இடத்தை விட்டு நகரவில்லை. மந்தபுத்தி என்று சொல்லப்பட்ட பையனிடம் இருந்த இந்த ஒருமுகக் கவனத்தை அன்று யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1905-ல், பத்து வயதில், தாயாரை இழந்தான். 1907-ல் ஓய்வு பெற்ற நாராயணய்யா, 1909-ல் பிள்ளைகளுடன் சென்னை அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில் வேலைக்கு அமர்ந்தார். மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் கிருஷ்ணனுக்குக் கிடைத்தது பிரம்படிதான். பாடம் ஏறவில்லை என்று வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிறுத்துவார்கள். பள்ளி விட்டதும் தம்பி நித்யானந்தன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் உண்டு. இல்லையேல் இருட்டிய பிறகும் அங்கேயே நின்றிருப்பான்.

அதே வருடம் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் என்ற சபைத் தலைவர்களில் ஒருவர் இந்தப் பையனைக் கண்டார். இவனிடம் சுயநலத்தின் சாயலே இல்லை, இவன் உலக குருவாக வரப் போகிறவன் என்று அறிவித்தார். பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்துவந்த ஆங்கிலேயருக்கே இது ஆச்சரியமாக இருந்தது. அவரும் பையனை மந்தம் என்றே நினைத்திருந்தார். அன்னி பெசன்ட் அம்மையார் 1910-ல் இரு சகோதரர்களுக்கும் சட்டப்படி கார்டியன் ஆனார். கிருஷ்ணமூர்த்தியைத் தலைவராக வைத்து 1911-ல் நட்சத்திர சங்கம் ஏற்பட்டது. பிள்ளைகள் இங்கிலாந்து சென்றார்கள்.

இந்த இடத்தில் நாராயணய்யாவை நினைத்துப் பார்க்க வேண்டும். மனைவியை இழந்த ஒரு தகப்பனார், நல்ல படிப்பும் போஷாக்கும் கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பிள்ளைகள் தம்மைவிட்டு விலகுவதையும், லெட்பீட்டரின் பொறுப்பில் வளர்வதையும் அவரால் சகிக்க முடியவில்லை. 1912-ல் வழக்குத் தொடர்ந்தார். சென்னை ஹைகோர்ட் 1913-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அம்மையார் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். பிள்ளைகளின் விருப்பம் கேட்கப்படவில்லை என்ற அடிப்படையில் 1914-ல் தீர்ப்பு மாறியது. பிள்ளைகள் அவரிடம் திரும்பவில்லை. 1924-ல் அவர் காலமானார்.

இங்கிலாந்திலும் பரீட்சை கைகூடவில்லை. ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷனைத் திரும்பத் திரும்ப எழுதியும் தேறவில்லை. கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போன தம்பி நித்யானந்தன், 1925 நவம்பரில் கலிபோர்னியாவின் ஓஹாய் என்ற ஊரில் க்ஷய ரோகத்தால் இறந்தார். தம்பி பிழைப்பான் என்று பெரியவர்கள் கொடுத்திருந்த உறுதிமொழிகளும் அவரோடு போயின.

1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஹாலந்து நாட்டு ஒம்மென் முகாமில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் முன்னிலையில், கிருஷ்ணமூர்த்தி தம் பெயரால் நடந்த சங்கத்தைத் தாமே கலைத்தார். உண்மையை ஓர் அமைப்பின் மூலம் அடைய முடியாது, தமக்குச் சீடர்கள் வேண்டாம் என்பதே அவர் சொன்னதன் சாரம். காணிக்கையாக வந்த நிலங்களும் கோட்டையும் கொடுத்தவர்களிடமே திரும்பப் போயின. முப்பத்து நான்கு வயதில் குரு பீடத்தை உதறியவர்கள் சரித்திரத்தில் அதிகம் பேர் இல்லை.

குரு பீடத்தை உதறியவர் பள்ளிக்கூடங்களை உதறவில்லை. வராந்தாவில் நின்ற பையன், பிரம்பும் பயமும் இல்லாத பள்ளி எப்படி இருக்கும் என்ற கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டார். மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷிகொண்டா மலையடிவாரத்தில், பெரிய ஆலமரம் நின்ற வறண்ட பள்ளத்தாக்கில் 1920-களில் நிலம் வாங்கப்பட்டது. 1930-களில் அங்கே ரிஷி வேலி பள்ளி வளர்ந்தது. காசி ராஜ்காட், சென்னை, பெங்களூரு என்று இந்தியாவிலும், 1969-ல் இங்கிலாந்தின் பிராக்வுட் பார்க்கிலும், 1975-ல் ஓஹாயிலும் பள்ளிகள் எழுந்தன. 1978 செப்டம்பர் முதல் இப்பள்ளிகளுக்கு அவர் தொடர்ந்து கடிதங்கள் எழுதினார்.

ரிஷி வேலியில் ஒரு வழக்கம் உண்டு. அஸ்தாசலம் என்று பெயர். மாலையில் பிள்ளைகள் ஒன்றுகூடி, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஜபம் இல்லை, மூச்சுக் கணக்கு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், தன் மனம் ஓடுவதைத் தானே கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். கீழ் வகுப்புகளில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடும் ரேங்க் கிடையாது. மேல் வகுப்பில் வாரியப் பரீட்சை உண்டு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொள்வது சுலபமல்ல.

அப்பள்ளியின் கிராமக் கல்வி மையம், பல வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்கும் முறையை உருவாக்கியது. தமிழக அரசுப் பள்ளிகளில் நாம் கண்ட செயல்வழிக் கற்றலுக்கு அதுதான் மூலம். தம் வேகத்தில் கற்க விடப்படாத ஒரு பையனின் ஊரிலிருந்து அந்த முறை வந்தது என்பது பொருத்தமே.

ஆராய்ச்சி உலகமும் அவரை நாடியது. இயற்பியல் அறிஞர் டேவிட் போம் 1960-களிலிருந்து அவரோடு கால் நூற்றாண்டு உரையாடினார். 1984-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் முன்னும் அவர் பேசினார். இன்று மேலைநாட்டு மருத்துவமனைகளிலும் கம்பெனிகளிலும் மனக் கவனப் பயிற்சி பாடத்திட்டமாகவே நடக்கிறது. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி அதில் முன்னோடி. கிருஷ்ணமூர்த்தி இத்தகைய எந்த முறையையும் ஏற்றதில்லை. முறை வந்தவுடன் மனம் இயந்திரமாகிவிடும் என்பது அவர் நிலை. மந்திர ஜபத்தையும் அவர் அப்படியே பார்த்தார்.

நித்ய கர்மாக்களில் சிரத்தையுள்ள நமக்கு இது நெருடத்தான் செய்யும். அவர் சொன்ன யாவற்றையும் நாம் ஏற்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு நிமிஷத்தில் முடியும் ஸந்தியாவந்தனத்தில் நம் மனம் எங்கே இருந்தது என்று அவர் கேட்டால், பதில் சொல்வது கஷ்டம். சூரியனைப் பார்த்துச் செய்கிற கர்மாவில் சூரியனைப் பார்த்தோமா? அவரை மறுப்பவர்களும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம்.

1985 டிசம்பரில் கடைசியாக ரிஷி வேலிக்கு வந்தார். 1986 ஜனவரியில் சென்னை வசந்த விஹாரில் கடைசிச் சொற்பொழிவு. பிறகு ஓஹாய் சென்றவர், பிப்ரவரி 17-ஆம் தேதி கணையப் புற்றுநோயால், தொண்ணூறு வயதில் காலமானார். தமக்குப் பின் வாரிசு என்று யாரையும் அவர் நியமிக்கவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பிலேயே கோச்சிங் போகிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டிக்கிறோம். அப்படி ஒரு குழந்தையைக் காணும்போது, கண்டிப்பதற்கு முன், அது என்ன பார்க்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டுவிடலாம்.