அலமாரியில் தூங்கும் சரக்கு

உலு திராமில் எங்கள் மளிகைக்கடையில் காலாவதியான மாவுப் பொட்டலங்களைக் குப்பையில் போட்டபோது எஸ்.ஆர்.ரங்கநாதன் நினைவுக்கு வந்தார். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டனில் படித்துத் திரும்பியதும், வாசகர்களே அலமாரிக்குப் போய் நூலெடுக்க வழிவிட்டார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது. அலமாரியில் தூங்கும் நூலை அவர் சொத்தாகக் கருதவில்லை. 1972-இல் மறைந்தார்.

மாவும் அப்படித்தானே? எண்ணிப் பார்த்தேன்: முப்பது நாளாக நகராத சரக்கு 42 வகை. டிசம்பருக்குள் 10 ஆக்குவதே இலக்கு. ஞாயிறுதோறும் எண்ணுகிறோம், இப்போது 27. மலிவு என்றால் பெட்டி பெட்டியாக வாங்கும் பழக்கத்தை அப்பா இன்னும் விடவில்லை.