வணிகப் பெரியார் லட்சுமிநரசு செட்டியார்

செல்வத்தின் பயன் யாதென வாழ்ந்து காட்டிய பெரியார் ஒருவரை இம்மலரில் நாம் நினைவுகூருகின்றோம். 1806இல் சென்னையிற் பிறந்த கசுலு லட்சுமிநரசு செட்டியார் அவுரி, துணி வணிகத்தாற் பெரும்பொருள் ஈட்டினார்.

இந்துக்களின் உரிமை காக்க 1844இல் ‘கிரெசென்ட்’ பத்திரிகையைத் தொடங்கினார். அரசினர் பாடசாலைகளில் விவிலியத்தைப் பாடமாக்கும் முயற்சியை எதிர்த்து நின்றார். 1852இல் சென்னைச் சுதேசிச் சங்கத்தை நிறுவினார். வரி தண்டுவோர் குடியானவரைச் சித்திரவதை செய்த கொடுமையைப் பிரித்தானியப் பாராளுமன்றம்வரை எட்டச் செய்தார்; 1854இல் விசாரணைக் குழு அமைந்தது. 1863இல் சென்னைச் சட்டசபை அங்கத்தவராக நியமனம் பெற்றார்.

பொதுப்பணியிலே கைப்பொருள் கரைந்தது. 1868இல் வறியவராகவே கண்மூடினார். வாணிகத்தில் இறங்கும் எம் இளைஞர், பொருள் ஈட்டும் வழியோடு அதனை ஈயும் வழியையும் அவரிடம் கற்பாராக.