காலை இழந்தும் நன்றி மறவாதவர்

மதீனாவின் ஏழு பெரும் ஃபுகஹாக்களில் ஒருவர் உர்வா இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள். அன்னாரின் தாயார் அஸ்மா (ரலி), அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் மகளார். சிறிய தாயார் ஆயிஷா (ரலி) அவர்களிடம் அன்னார் ஹதீஸ் கல்வி பயின்றார்கள்.

கலீஃபா வலீதின் ஆட்சியில் (ஹிஜ்ரி 86–96) திமிஷ்க் சென்றபோது அன்னாரின் காலில் அழுகல் நோய் கண்டது. பரவாமல் தடுக்கக் காலை வெட்டியாக வேண்டும் என்றனர் மருத்துவர்கள். அன்னார் இசைந்தார்கள். அறிவை மயக்கும் பானத்தை மட்டும் மறுத்து, திக்ரு செய்தவாறே தாங்கினார்கள். ரத்தம் நிற்கக் கொதிக்கும் எண்ணெய் இட்டபோது மூர்ச்சையானார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அதே பயணத்தில் மகன் முஹம்மதும் கால்நடை உதைத்து வபாத்தானார். எனினும் நான்கு அவயவங்களில் மூன்றையும், ஏழு மக்களில் அறுவரையும் விட்டுவைத்த அல்லாஹ்வுக்கு அன்னார் நன்றி செலுத்தினார்கள் என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

இதில் நமக்குப் பாடமுண்டு. அன்னார் சிகிச்சையை மறுக்கவில்லை; வலியை உணராமலும் இல்லை. ஆகவே நோயாளி முனகினால் சபூர் இல்லை என நாம் ஏசலாகாது. இன்று அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து ஏற்பதை உலமாக்கள் அனுமதித்துள்ளனர். அதற்குத் தயங்க வேண்டாம். அல்லாஹ் எடுத்ததை எண்ணி வருந்தும்போது, அவன் விட்டுவைத்ததையும் எண்ணிப் பார்ப்போமாக!